கம்பத்து வீட்டுக் குரல்

ஊருக்குக் கிழக்கே மூன்று மைல் தள்ளி, ரயில் மேட்டை ஒட்டிய சதுப்பு நிலத்தில் இருநூறு அடி உயரத்துக்கு நின்றது அந்த இரும்புக் கம்பம். அடியில் இடுப்பளவு கான்கிரீட் மேடை. மேடைமேல் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில், மின்சாரம் மண்ணுக்கு இறங்காமல் தடுக்கும் ஒரு பீங்கான் குடம். அத்தனை இரும்பும் அந்தக் குடத்தின் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. நூறு அடி தள்ளி, நாலு படி ஏறிப்போகும் உயரத்தில் ஒலிபரப்பு அறை. இன்னும் நூறு அடி தள்ளி, பள்ளத்தில், ஒரு சின்ன ஓட்டு வீடு. அங்கே குடியிருந்து கம்பத்தையும் மிஷினையும் பார்த்துக்கொண்டவரை ஊர் கம்பத்துக்காரர் என்றது. அவர் மனைவியை நிலையத்தில் டைப்பிஸ்ட்டம்மா என்றார்கள்; சந்தையில் கம்பத்தம்மா என்றார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

புத்தியுள்ளவன் எவனாவது சதுப்பில் போய் நிலம் வாங்குவானா என்று அந்தக் காலத்தில் ஊரே சிரித்ததாம். வாங்கியவர் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். மண்வெட்டியோடு சுற்றுப்பட்டெல்லாம் நடந்து, அங்கங்கே தோண்டி, மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாராம். "கரிக்கணும்யா. மண்ணு கரிச்சாத்தான் நம்ம அலை வழுக்கிட்டு ஓடும்" என்றாராம். கம்பத்தைச் சுற்றி வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி நூற்றிருபது செப்புக் கம்பிகளை ஒரு மாதம் நின்று புதைத்தார். ஊருக்குள் மாவு மில்லின் மாடியில் ஓர் அறையைப் பிடித்து, சுவரெல்லாம் சாக்கு தொங்கவிட்டு, அதை ஒலிப்பதிவுக் கூடம் என்றார்.

முதல் நாள் ஊரே வானொலிப் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்தது. மூன்று நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. பதற்றத்தில் மைக்கின் சுவிட்சைத் திறக்க மறந்துவிட்டார் மனுஷர். சலூன்காரர் காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "கடவுள் மாதிரி இருக்குப்பா. உள்ள இருக்கறது தெரியுது, பேசத்தான் மாட்டேங்குது."

அப்புறம் பேச ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. சந்தை விலை, தொலைந்த மாடு, பள்ளிக்கூட விடுமுறை, சாவுச் செய்தி, விரும்பிக் கேட்ட பாட்டு. கீழே மாவு மில் ஓடினால் செய்திக்குள் தடதடவென்று மாவரைக்கும் சத்தம் கேட்கும். அதனால் செய்தி நேரத்துக்கு மில்காரர் மிஷினை நிறுத்தி வைப்பார். மாவுக்குக் காத்திருந்த பெண்கள் முணுமுணுத்தால், "பத்து நிமிஷம் பொறுங்கம்மா, ஊரு சேதி அரைபடுது" என்பார். கம்பம் மேகத்தைக் குத்தி மழையைக் கெடுக்கிறது என்று மனு எழுதிக் கொடுத்த ஆள்கூடத் தன் எருமை தொலைந்தபோது நிலையத்துக்குத்தான் ஓடிவந்தார். மறுநாளே எருமை கிடைத்தது. அதோடு மனுவும் போயிற்று.

டைப்பிஸ்ட்டம்மா அங்கே முதலில் போனது அறிவிப்பாளர் வேலைக்கு. இருபத்திரண்டு வயது. குரல் பரிசோதனையில் நிலைய இயக்குநர் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். அரைப் பக்கத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "தப்பா நினைக்காதம்மா. உன் குரல்ல ரம்பம் ஓடுது. டைப்படிக்க வருமா?" வந்தது. அன்று உட்கார்ந்தவள் இருபது வருஷமாக அதே நாற்காலியில் இருந்தாள். ஊர் மனிதர்களின் துக்கமும் சந்தோஷமும் தொலைந்த பொருளும் அவள் விரல் வழியாகத்தான் மாடிக் கூடத்துக்குப் போயின. ஒரே பெயரில் ஊரில் ஏழு பேர் இருந்தால் அதில் இது எந்த ஆள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அடையாளத்தையும் சேர்த்து அடிப்பாள்: பழைய மரக்கடை வீட்டு நடு மருமகள், வலது கால் சாய்த்து நடக்கிற தபால்காரர். நிகழ்ச்சித் தாளை வாங்க வாரம் ஒரு முறை வந்துபோன கம்பத்துக்காரர் தினம் வர ஆரம்பித்ததும், அவர்களுக்குக் கல்யாணம் ஆனதும், மகள் பிறந்ததும் அந்த நாற்காலியைச் சுற்றி நடந்தவைதான்.

அந்த வருஷம் மழை ஐந்து நாள் விடாமல் அடித்தது. ஆறாம் நாள் காலை, மேலே அணையைத் திறந்துவிட்டார்கள்.

பால் வாங்கக் கதவைத் திறந்தவள் வாசற்படியில் தண்ணீரைப் பார்த்தாள். ஊரும் இல்லை, சாலையும் இல்லை. தவிட்டு நிறத்தில் ஒரே விரிப்பு. கம்பத்துக்காரர் அதற்குள் முழங்கால் தண்ணீரில் நின்று டீசல் பீப்பாயை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பீரோவை ஒரு கை பிடிங்க. துணியெல்லாம் அதுலதான் இருக்கு" என்று கத்தினாள்.

"பீரோ கிடக்கட்டும். இந்தப் பீப்பாயை வந்து பிடி."

"வீடு போயிடும்ங்க!"

"போனா கட்டிக்கலாம். கரண்ட் போயிடுச்சு. டீசலும் போச்சுன்னா ஊரே ஊமை. பிடிம்மா!"

பிடித்தாள். இரண்டு பீப்பாய்களையும் படியேற்றி ஒலிபரப்பு அறைக்குள் சேர்ப்பதற்குள் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. மூன்றாவது முறை அவள் வீட்டுக்குத் திரும்பியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு கூடை உருளைக்கிழங்கு, இரண்டு ரொட்டி, டீத்தூள் டப்பா, மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் வைத்த பை. தலையில் ஏற்ற முடிந்தது அவ்வளவுதான். தையல் மிஷின் மேஜையோடு தண்ணீரில் சாய்வதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மகள் வீட்டில் இல்லை. பரீட்சைக்குப் போகப் பள்ளிக்கூடம் பக்கமாக இருக்கட்டும் என்று ஆற்றோரத் தெருவில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். பதினேழு வயது. அத்தை என்றால் கம்பத்துக்காரரின் தங்கை; தையல் வேலை செய்து தனியாக வாழ்ந்தவள்.

மாடிக் கூடத்தில் பேசுவதை ஒலிபரப்பு அறைக்குக் கொண்டுவரும் தொலைபேசிக் கம்பி ஆறே முக்காலுக்குச் செத்தது. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து காலையில் அந்த நேரத்துக்கு அலைவரிசை சும்மா இருந்ததே இல்லை. கம்பத்துக்காரர் ஜெனரேட்டரை ஓடவிட்டு, சோதனைக்கு வைத்திருந்த சின்ன மைக்கைத் தேடி எடுத்துத் துடைத்து அவள் முன்னால் வைத்தார்.

"எதுக்கு எங்கிட்ட நீட்டறீங்க?"

"பேசு."

"நானா? நான் பெயிலானவளாச்சே!"

"இன்னைக்குப் பரீட்சை வைக்க இங்க யாரும் இல்ல. நான் மிஷினைப் பாக்கணும், குடத்தைப் பாக்கணும். பேச நீதான் இருக்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிலையத்தின் பெயரைச் சொல்லும் அந்த அழகான வாசகத்தை ஆயிரம் முறை டைப் செய்திருக்கிறாள், வாயில் வரவில்லை.

"வணக்கங்க. நான் நம்ம நிலையத்து டைப்பிஸ்ட் பேசறேன். வாசிக்கறவங்க வந்து சேர முடியல. கம்பம் நிக்குது, டீசல் ரெண்டு பீப்பாய் இருக்கு. அதனால ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிஷம் மட்டும் பேசுவோம். மத்த நேரம் ரேடியோவை அணைச்சு வெச்சுடுங்க, பேட்டரி மிச்சமாகும். வேலை செய்யற ரேடியோ யார் வீட்டு மாடியில இருக்கோ, அவங்க அக்கம்பக்கத்து மாடிக்கும் கத்திச் சொல்லணும். அணையைத் திறந்தா மதியம் வரைக்கும் தண்ணி ஏறும்னு நேத்தே சொல்லியிருந்தாங்க. தாழ இருக்கறவங்க இப்பவே மேல போயிடுங்க. பாத்திரம் பண்டம் அப்புறம் வாங்கிக்கலாம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தன் பீரோவை நினைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் எப்படி ஓடியதென்று தெரியவில்லை. சுவிட்சை மூடினாள்.

கம்பத்துக்காரர் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த சின்ன ரேடியோவை இறக்கிக் கீழே வைத்தார். "மழை இரைச்சல்ல மத்தவங்க குரல் கரைஞ்சு போகும். உன்னுது கரையலம்மா. அறுத்துக்கிட்டு வருது" என்றார். அவர் புகழ்ந்து பேசுகிற ஆள் இல்லை. அளந்து பார்த்ததைச் சொல்கிற ஆள்.

பேசாத ஐம்பது நிமிஷமும் அவருக்கு வெளியே வேலை. அடித்து வரும் கிளைகளும் ஆகாயத்தாமரையும் மேடையைச் சுற்றி மொய்த்தன. ஒரு ஈரக்கிளை கம்பத்தைத் தொட்டாலே போதும், ஒலிபரப்பு படுத்துவிடும். மிஷின் ஓடும்போது கம்பத்தின் பக்கம் கையை நீட்டினால் சுட்டுப் பொசுக்கிவிடும். ஆகவே அணைத்ததும் தொடையளவுத் தண்ணீரில் இறங்கி, மூங்கிலால் குப்பையைத் தள்ளிவிட்டு, தண்ணீர் எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். அறைக்குள் பாம்பு ஒன்று ஏறி வந்து மின்மாற்றியின் சூட்டில் சுருண்டு படுத்தது. "அதுவும் குடிமகன்தான், இருந்துட்டுப் போகட்டும்" என்று அதைச் சுற்றி நடந்தார்.

ஒன்பது மணிக்கு ரயில் மேட்டின் மேல் ஓர் ஆள் வந்தார். தண்டவாளத்தைப் பார்த்துச் சரிசெய்கிற கேங்மேன். மேடு மட்டும்தான் முழுகாமல் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் நடக்க அதுதான் வழி. மேட்டிலிருந்து அறைவரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீதான் பேசினதா, தங்கச்சி? ரயில்வே ஸ்டேஷன் ரூம்ல இருந்தவங்க எல்லாரும் கேட்டோம்."

"குரல் கேவலமா இருந்துச்சாண்ணே?"

"குரலா? அதை யாரு பாத்தா? மேல போன்னு சொன்னே, போனோம்." தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். உள்ளே மடித்த காகிதச் சீட்டுகள். "வழி நெடுக ஆளாளுக்கு எழுதித் திணிச்சாங்க. இன்னார் இங்க இருக்கோம், இன்னாரைக் காணோம்னு. அப்புறம் ஒண்ணு, சாக்குக் கிடங்கு மாடியில அம்பது பேர் நிக்கறாங்க. வடக்குச் சுவர்ல கை நுழையற மாதிரி விரிசல். கூப்பிட்டுப் பாத்தேன், தண்ணி இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல."

"அவங்ககிட்ட ரேடியோ இருக்கா?"

"யாரோ தோள்ல வெச்சிருந்த மாதிரி இருந்துச்சு."

பத்து மணிக்கு முதல் வார்த்தையே அதுதான். "சாக்குக் கிடங்கு மாடியில இருக்கறவங்க கவனிங்க. வடக்குச் சுவர் வெடிச்சிருக்கு. தெற்கு மூலைக்குப் போங்க. இப்பவே. நான் அடுத்த சீட்டைப் படிக்கறதுக்குள்ள போயிருக்கணும்." பதினொன்றரைக்கு வடக்குச் சுவர் விழுந்தது. மறுபடியும் வந்த கேங்மேன் அதைச் சொல்லிவிட்டு, தெற்கு மூலையில் ஐம்பது பேரும் முட்டை அடுக்கின மாதிரி நின்றார்கள் என்றார். டைப்பிஸ்ட்டம்மா அவருக்கு ஒரு தம்ளர் டீயும் இரண்டு வெந்த உருளைக்கிழங்கும் கொடுத்தாள். அவள் கண்ணைப் பார்க்காமல் அவரும் சாப்பிட்டார்.

சீட்டுகள் குவிந்தன. பேனா மை கரைந்தவை, கரியால் எழுதியவை, சிகரெட் அட்டையில் கிறுக்கியவை. வந்த வரிசைப்படி எண் போட்டு ஆணியில் குத்தினாள். பெயர் மட்டும் இருந்தால் ஆள் யாரென்று யோசித்து அடையாளம் சேர்த்தாள். "இது பூட்டு ரிப்பேர்காரர் இல்லைங்க, அதே பேருள்ள மீன்கடைக்காரர். பூட்டுக்காரர் வீட்டுல பயப்படாதீங்க." அப்படி ஒரு வரியில் இரண்டு வீட்டுக்குச் சோறு இறங்கியது.

மதியம் போய் வந்த கேங்மேன் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார்.

"ஆற்றோரத் தெரு பக்கம் போனீங்களாண்ணே?" என்று அவளே கேட்டாள்.

"கிட்டப் போக முடியல, தங்கச்சி. தண்ணி மாடியைத் தொட்டுடுச்சு. காலையில போட் வந்து கொஞ்சம் பேரை ஏத்திட்டுப் போச்சுன்னு சொல்றாங்க. எங்கன்னு தெரியல."

கம்பத்துக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கேங்மேன் போனதும் மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூணு மணிக்கு முதல்ல நம்ம பொண்ணைப் பத்திச் சொல்லு."

"எழுதி வெச்சிருக்கேங்க. நாற்பத்தொண்ணாவது சீட்டு. இப்ப இருபத்தாறுல இருக்கோம்."

"என்னது, வரிசையா? நம்ம டீசல், நம்ம மிஷின், நம்ம வீடு தண்ணிக்குள்ள கிடக்கு. ஒரு வரி முன்னாடி சொன்னா குடியா முழுகிடும்?"

"முன்னாடி இருக்கற இருபத்தேழாவது சீட்டு யாருது தெரியுமா? பேக்கரிக்காரர் பொண்டாட்டி. கைக்குழந்தை ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். அவளை எடுத்துக் கீழ வெச்சுட்டு என் சீட்டை மேல வைக்கணும். வெச்சுட்டா அப்புறம் எந்த வாயால மத்ததைப் படிப்பேன்?"

"நீ அம்மாதானே?"

அவள் ஆணியைத் தொட்டுக் காட்டினாள். "இந்த ஆணியில குத்தியிருக்கறது எல்லாம் அம்மா எழுதினதுதாங்க."

அவர் மூங்கிலை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப்போனார். அந்தத் தடவை வெகு நேரம் திரும்பவில்லை. கம்பத்தடியில் குப்பையே இல்லாத இடத்திலும் அவர் மூங்கிலால் குத்திக்கொண்டிருப்பது ஜன்னலில் தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்தால் வேலைதான் அடி வாங்கும்.

ஐந்து மணிக்கு நாற்பத்தொன்று வந்தது. மற்றவற்றை வாசித்த அதே வேகத்தில் வாசித்தாள். "கம்பத்துக் குடியிருப்பில் இருக்கறவங்களோட மகள், பதினேழு வயசு, நீலப் பாவாடை, அத்தையோட ஆற்றோரத் தெருவில் இருந்தவள். பார்த்தவங்க ரயில் மேட்டுல வர்ற கேங்மேன்கிட்டச் சொல்லுங்க. நாற்பத்திரண்டு. பழைய பெட்ரோல் பங்க் காவல்காரர்..." குரலில் ரம்பம் எப்போதும்போல் ஓடியது. சுவிட்சை மூடிய பிறகு தலையை மேஜையில் வைத்தாள். கம்பத்துக்காரர் அவள் முதுகில் கையை வைத்தார். கை ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

"குளிருது. அந்தச் சட்டையை மாத்துங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

"மாத்தறதுக்கு எது?"

அதற்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது அழுகையாகிவிட்டது.

மறுநாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது. தண்ணீர் மேடையின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றுவிட்டது; குடம் நனையவில்லை. டீசல் அரைப் பீப்பாய் மிச்சம். எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கேங்மேன் மூச்சிரைக்க வந்தார்.

"மலைப்பாதை ஸ்கூல்ல ஒரு கூட்டம் இருக்கு, தங்கச்சி. போட்காரங்க நேத்து அங்கதான் இறக்கியிருக்காங்க. ஸ்கூல் கேட்டுல ஒருத்தர் இதைக் கொடுத்து, உடனே படிக்கச் சொல்லுன்னாரு."

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நெருக்கி எழுதிய பட்டியல். ஓரமெல்லாம் ஈரத்தில் ஊறியிருந்தது. படித்துப் பார்க்க நேரமில்லை, ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. வாசிக்கத் தொடங்கினாள்.

"மலைப்பாதைப் பள்ளிக்கூடத்தில் பத்திரமா இருக்கறவங்க. ஒண்ணு, தபால்காரர், கூட அவர் மனைவி. மூணு, சைக்கிள் கடைக்காரர். நாலு, அவர் அப்பா, மூச்சு வாங்குது, மாத்திரை வேணும்..."

பதினொன்றாவது பெயரில் அவள் விரலை வைத்தாள். அத்தை. "ஆற்றோரத் தெரு தையற்காரம்மா. கால் பிசகியிருக்கு, வேற ஒண்ணும் இல்ல." கம்பத்துக்காரர் மீட்டரை விட்டுத் திரும்பினார். பன்னிரண்டாவது மகளாகத்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு: ஒரு சோடாக் கடைக்காரர். பதின்மூன்று அவர் மச்சான். இருபதாகட்டும் என்று வாசித்தாள், முப்பதாகட்டும் என்று வாசித்தாள். பெயர்களுக்கு அடையாளம் சேர்ப்பதை வாய் தன்னால் செய்தது. ஐம்பத்தெட்டோடு பட்டியல் முடிந்தது. மகள் பெயர் இல்லை.

அத்தை வந்திருக்கிறாள், மகள் வரவில்லை.

காகிதத்தைக் கீழே வைக்கப் போனாள். இருபது வருஷமாக அடுத்தவர் கையெழுத்தைப் படித்து டைப் செய்தவளுக்கு எழுத்து கண்ணில் படாது, சொல்தான் படும். சொல் தீர்ந்துபோன அந்த இடத்தில்தான் முதல் முறையாக எழுத்தைப் பார்த்தாள். ழகரத்தின் வால் ஒவ்வொன்றும் அடுத்த வரிவரைக்கும் நீண்டு இறங்கியிருந்தது. இப்படி எழுதினால் தாள் யார் வீட்டுக் காசு என்று அவள் எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். கால் பிசகு, மூச்சு வாங்குது, மாத்திரை என்று ஆளாளுக்குக் கேட்டு, ஒருவரையும் விடாமல், எண் பிசகாமல் எழுதியிருந்தது. எண்ணியவள் தன்னை எண்ணவில்லை.

மைக் திறந்தே இருந்தது. ஊர் காத்திருந்தது. கம்பத்துக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐம்பத்தொன்பது" என்றாள். "இந்தப் பட்டியலை எழுதினவங்களுக்கு ஒரு வார்த்தை. பட்டியல் வந்து சேர்ந்துச்சு. எல்லாம் சரியா இருக்கு. உங்க பேரை மட்டும் விட்டுட்டீங்க. பரவாயில்ல, எங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு."

கம்பத்துக்காரர் உதட்டை மட்டும் அசைத்து, சத்தமில்லாமல் கேட்டார்: அவ எழுத்தா?

டைப்பிஸ்ட்டம்மா ஆமென்று தலையை ஆட்டினாள். அவர் அப்படியே ஈரத் தரையில், பாம்புக்கு இரண்டு முழம் தள்ளி, உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷத்தில் இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருந்தது. ஆணியிலும் சீட்டுகள் பாக்கி இருந்தன. "மூச்சு வாங்கற பெரியவருக்கு மாத்திரை வேணும்னு சொன்னேன் இல்லையா," என்று மைக்கை நெருங்கினாள், "மலைப்பாதை பக்கம் மருந்துக்கடைக்காரர் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, ஸ்கூலுக்குப் போங்க. இந்தப் பட்டியல் எழுதின பொண்ணுகிட்டக் கொடுங்க. அவ சரியான ஆள்கிட்டச் சேர்த்துடுவா."